அழாத பிள்ளைக்கும் பால்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நம் ஊர் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது. ரேஷன் கடை வாசலிலிருந்து கலெக்டர் அலுவலக மனுநாள் வரை, யார் குரல் கேட்கிறதோ அவர் காரியம்தான் நகரும். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் சங்கடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவன் அழமாட்டான் என்பதில்லை, சில நாள் தொண்டை கட்டும்வரை அழுவான். எதற்கென்றுதான் பால் வைத்திருப்பவருக்குத் தெரியாது. பசியா, தலைக்குமேல் கடகடக்கும் மின்விசிறியா, புதுச் சட்டையின் கழுத்துப்பட்டியில் உறுத்தும் துணிச்சீட்டா? இன்னொருவன் அழவே மாட்டான். வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்து விரல்களை முகத்துக்கு நேரே அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனைப் பற்றிக் கேட்டால், “அவனால ஒரு தொந்தரவும் இல்ல” என்று பாராட்டுகிற மாதிரியே பதில் வரும். எனக்கு முன்னவனைவிட இவனை நினைத்தால்தான் பயம்.

இந்த இரண்டு பேரும் படிக்கிற பள்ளியில் வகுப்பெடுக்க ஆசிரியர் இருக்கிறார், தலைமையாசிரியர் இருக்கிறார், மேலே கல்வித்துறை இருக்கிறது. இவர்களுக்கு நடுவில் பாடம் நடத்தாத, சம்பளம் வாங்காத, ஊர்க்காரர்கள் அடங்கிய ஒரு குழு எதற்கு?

இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கு ஆட்சிக்குழு உண்டு, சிறப்புப் பள்ளிகளுக்கும் உண்டு. பள்ளி எந்தத் திசையில் போகவேண்டும் என்று முடிவு செய்வது, தலைமையாசிரியரைக் கேள்வி கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது என அதற்கு வேலை வகுத்திருக்கிறார்கள். நம்மூரில் அதற்கு நெருங்கிய உறவு, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உண்டாக்கிய பள்ளி மேலாண்மைக் குழு. உறுப்பினரில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அதில் உரிய பங்கு வேண்டும். 2012 திருத்தம் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை அடையாளம் காண்பதும், அவர்கள் படிக்க வசதி இருக்கிறதா என்று கண்காணிப்பதும், இடையில் நிற்காமல் படிப்பை முடிக்கிறார்களா என்று பார்ப்பதும் குழுவின் வேலை என்று 2010-இல் வந்த மத்திய மாதிரி விதிகளே சொல்கின்றன. தமிழ்நாட்டில் 2022-இல் குழுக்களை 20 பேரோடு புதிதாக அமைத்தபோது, துணைத் தலைவர் பொறுப்புக்கு இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கு முன்னுரிமை தரப்பட்டது. காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

காகிதத்தைப் பொன்னேரி வட்டத்துக்குக் கொண்டுபோவோம். காட்டூர், பழவேற்காடு, ஏரியை ஒட்டிய குப்பங்கள். சென்னையில் ஆட்டிசத்துக்கென்றே தனிப்பள்ளிகள் இருக்கின்றன. இங்கிருந்து தினமும் ஒரு பிள்ளையைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதென்றால் வீட்டில் ஒருவர் பிழைப்பை விடவேண்டும். ஆகவே ஊர் அரசுப் பள்ளிதான் கதி. சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வருவார். அவருக்கு இந்த ஒரு பள்ளி மட்டுமா? வராத நாட்களில் ஆட்டிசம் உள்ள பிள்ளை ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் அறையில் இன்னொரு பிள்ளையாக இருப்பான்.

இனி குழுக் கூட்டம். வெள்ளிக்கிழமை பிற்பகல். அப்பா விடியலுக்கு முன்னால் ஏரிக்குப் போய் வந்து தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒப்பந்த வேலையில் இருப்பார். அம்மா மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ மீன் விற்றுவிட்டுக் கூடையோடு நேரே பள்ளிக்கு வருவார். மற்றவர்களுக்கு வாடை அடிக்குமோ என்று கதவோர நாற்காலியாகப் பார்த்து உட்காருவார். ஹெச்.எம். தீர்மானங்களை வாசிக்கிறார்: குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு, ஸ்மார்ட் வகுப்பறை, ஆண்டு விழா. டீயும் பிஸ்கட்டும் வருகின்றன. கையெழுத்துக்கு நோட்டு கைமாறுகிறது.

“நீங்க ஏதாச்சும் சொல்லணுமாம்மா?”

“நான் என்ன சார் சொல்லப்போறேன். நீங்க பாத்துச் செய்ங்க.”

இந்தப் பதிலில் மரியாதை இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது. கொஞ்சம் பயமும் உண்டு. என் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டதே பெரிது, கேள்வி கேட்டால் நாளைக்கு அவனுக்குத்தானே வரும் என்ற கணக்கு. ஹெச்.எம். கெட்டவரில்லை. அவருக்கு அன்றைக்கே செயலியில் தீர்மானத்தை ஏற்றியாக வேண்டும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் சட்டம் அந்த அம்மாவிடம் ஒப்படைத்த வேலை ஒரு வாக்கியத்தில் தலைமையாசிரியரிடமே திரும்பிப் போய்விட்டது. நோட்டில் ‘ஏகமனதாக’ என்று எழுதியிருக்கும். இருந்தது ஒரு மனம்தான்.

இப்போது ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் மேல் ஓர் இழுப்பு உண்டு. அதன் மினுமினுப்பா, உடம்பெல்லாம் ஒரே சீராக அழுத்தும் அந்தச் சுகமா, தெரியாது. கதவு திறந்திருந்தால் போய்விடுவார்கள், போகும் இடம் பல வேளை தண்ணீராக இருக்கும். அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, 14 வயதுக்கு உட்பட்ட ஆட்டிசப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைப்போல் 160 மடங்கு என்றது. ஆட்டிசம் என்று தெரிந்த கையோடு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று அதை நடத்தியவர்கள் சொன்னார்கள். எங்கோ நியூயார்க்கில் எழுதியதுதான். ஆனால் பள்ளியின் பின்பக்கம் ஏரியோ, கழிமுகமோ, பக்கிங்காம் கால்வாயோ இருக்கிற இந்தக் கரைக்கு அதைவிடப் பொருத்தமான ஆய்வு வேறில்லை.

சுற்றுச்சுவர் வேண்டும் என்று எல்லாப் பள்ளியும் எழுதுகிறது. மாடு வருகிறது, ராத்திரியில் குடிக்க வருகிறார்கள் என்பது வழக்கமான காரணம். “எங்கள் பள்ளியில் தண்ணீரைப் பார்த்தால் ஓடும் பிள்ளை ஒருவன் இருக்கிறான், வாயிற்கதவுக்கு உள்தாழ்ப்பாள் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வேண்டும்” என்று பள்ளி வளர்ச்சித் திட்டத்தில் எழுதியிருந்தால் அந்தக் குழுவை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அதைவிட முக்கியம் நீச்சல். அதற்குப் பயிற்றுநர் எங்கிருந்தும் வரவேண்டியதில்லை. எங்கே இடுப்பளவு, எங்கே சேறு காலை இழுக்கும், முகத்துவாரத்தில் நீர் எப்போது உள்ளே ஏறும், எப்போது கடலுக்கு வாங்கும் என்பதெல்லாம் குழுவில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்குத் தெரியும். மீஞ்சூர் வள மையத்திலும் திருவள்ளூர் மாவட்ட அலுவலகத்திலும் இல்லாத அறிவு அது. அந்தப் பிள்ளையின் உயிருக்கு அவசியமான பாடத்தை நடத்தத் தகுதி உள்ளவர், ‘எனக்கு என்ன சார் தெரியும்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகிறார். குழு என்று ஒன்றை வைத்ததே அவரைப் பேசவைக்கத்தான் என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை.

சரி, பெற்றோரே குழுவை முழுக்கக் கையில் எடுத்துக்கொண்டால் தீர்ந்ததா? பாசத்தைவிடப் பெரிய கண்காணிப்பு உண்டா என்று கேட்கலாம். உலகில் பல இடங்களில் ஆட்டிசக் கல்வியைத் தொடங்கியவர்கள் பெற்றோர்தான். 1991-இல் டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் அமைப்பைத் தொடங்கிய மெர்ரி பரூவா, ஆட்டிசம் உள்ள மகனின் தாய். நம் சட்டங்கள் பின்னால்தான் வந்தன. 1995-இன் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை, 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் அந்தப் பெயர் ஏறியது, 2016-இன் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாக இடம்பிடித்தது. அம்மாக்கள் காத்திருக்கவில்லை.

இங்கிலாந்திலும் அப்படித்தான். 1962-இல் சில பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள், அதுவே இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கம். ‘இவர்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று கைவிடப்பட்டிருந்த பிள்ளைகளுக்காக 1965-இல் லண்டனின் ஈலிங்கில் ஒரு பள்ளி திறந்தார்கள். நடத்த சிபில் எல்கர் என்ற ஆசிரியை கிடைத்தார். பிள்ளைகள் வளர்ந்தார்கள், இனி எங்கே போவார்கள் என்ற கேள்வி வந்தது. 1974-இல் சாமர்செட்டில் பெரியவர்களுக்கான குடியிருப்பு ஒன்றைத் திறந்தார்கள். அங்கும் எல்கர்தான். பெற்றோரின் பிடிவாதத்தில் எழுந்த சாதனை அது, குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டு விஷயங்கள் அதே வரலாற்றில் இருக்கின்றன. சங்கம் தொடங்கிய அடுத்த வருஷம், 1963-இல், அதற்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. நிர்வாகக் குழுவில் இருந்த தந்தை ஒருவர், ஜெரால்ட் காசன், புதிர்த்துண்டு ஒன்றை வரைந்து அதற்குள் அழுகிற குழந்தையை வைத்தார். குழு ஏற்றுக்கொண்டது. பல ஆண்டு கழித்து, ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் அதைப் பார்த்துக் கேட்டார்கள்: நாங்கள் புதிரா, குறைபட்ட துண்டா, எந்நேரமும் அழுதுகொண்டா இருக்கிறோம்? படத்தில் அழுதது பிள்ளை. அழுகை அப்பா அம்மாவுடையது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அந்தக் காலத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன். சங்கமே பின்னாளில் அந்தச் சின்னத்தைக் கைவிட்டது.

இன்னொன்று கசப்பானது. அதே சாமர்செட் வளாகத்தில் மெண்டிப் ஹவுஸ் என்ற வீட்டில் ஆறு பேர் வாழ்ந்தார்கள். அங்கே வேலை பார்த்த சிலர் அவர்களைக் கேலி செய்ததும் அவமதித்ததும், வெளியே சாப்பிடக் கூட்டிப்போய்த் தங்கள் சாப்பாட்டுக்கும் அவர்கள் பணத்திலிருந்தே கொடுத்ததும் 2016-இல் வெளியே வந்தது. உள்ளிருந்து யாரோ வாய் திறந்ததால் வந்தது, மேலே இருந்த நிர்வாகம் கண்டுபிடித்து வரவில்லை. வீடு மூடப்பட்டது. 2019-இல் சங்கத்துக்கு 4,000 பவுண்டு அபராதம். பெற்றோர் கண்ணீரில் எழுப்பிய அமைப்பு, முதல் ஆசிரியை நடந்த அதே மண், நல்ல பெயர். அந்தப் பெயரை நம்பி எல்லோரும் ‘நீங்க பாத்துச் செய்ங்க’ என்றிருக்கிறார்கள். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார்களோ.

தொடங்கியவரின் பாசம் ஒரு தலைமுறை தாங்கும், அடுத்து வருபவருக்கு அது சுவரில் மாட்டிய படம். அதனால் பிள்ளையோடு ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்குள் நுழைந்து, சத்துணவு நேரத்தில் அவன் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எவர்சில்வர் தட்டுகள் நூறு ஒரே நேரத்தில் உருளும் சத்தத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டால் சோறு உண்ணக் கை ஏது? பத்து நிமிஷம் முன்னதாக, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பரிமாறினால் சாப்பிட்டுவிடுவான். காசு செலவில்லாத தீர்மானம். வந்து பார்க்காதவர் மனதில் அது தோன்றாது.

பழவேற்காட்டு மீனவருக்கு இந்த மாதிரி ஏற்பாடு புதிதில்லை. ஏரியில் பாடு என்று ஒரு முறை தலைமுறைகளாக இருக்கிறது. இறால் நிறையப் படும் இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவர் கையிலேயே தங்காது, மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விடியாது. ஊமையானாலும் வாயாடியானாலும் சீட்டில் வந்ததுதான் பங்கு. கத்தத் தெரியாதவனின் பங்கை அவன் குரலை நம்பி விடாமல் முறையிலேயே கட்டிப்போட்ட புத்தி இது. ஒரு பள்ளிக்குழு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிறப்புப் பயிற்றுநரின் நேரம், முன்வரிசை இடம், சுற்றுலாப் பேருந்தில் ஜன்னலோரம் எல்லாம் அம்மா வந்து கெஞ்சினால்தான் என்றில்லாமல், முறையால் வந்துசேர வேண்டும்.

ஆனால் பாட்டைப் புகழ்ந்துவிட்டுப் போய்விட எனக்கு வாய் வரவில்லை. பாடு உரிமை பிறப்போடு வருவது. அதே ஏரியில் கழுத்தளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. வட்டத்துக்குள் அவ்வளவு நியாயம் பார்க்கும் கூட்டத்துக்கு, வட்டத்துக்கு வெளியே நிற்பவர் கண்ணில் படவில்லை. எந்தக் குழுவுக்கும் உள்ள வியாதி இது. பள்ளியில் இருக்கும் ஆட்டிசப் பிள்ளையைப் பற்றி ஒருவழியாகப் பேச ஆரம்பித்த குழுவிடம், பள்ளிக்கே வராமல் வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள். கடுமையான குறைபாடு உள்ளவர் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012 திருத்தம் இடம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். அந்தப் பெயரில் வருகைப் பதிவேட்டில் இருந்துகொண்டு, பள்ளி வாசலை மிதிக்காமலேயே எட்டாம் வகுப்பு முடித்துவிட முடியும். வாரம் எத்தனை முறை அவன் வீட்டுக்கு யார் போகிறார்கள்? போய் என்ன செய்கிறார்கள்? குழு கேட்டாக வேண்டிய கேள்வி. உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் சொன்ன விகிதம், தொடக்கப் பள்ளியில் மாற்றுத்திறன் கொண்ட 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்தொடக்கத்தில் 15 பிள்ளைக்கு ஒருவர். 2025 மார்ச்சில் மாநிலங்கள் அதற்கான பணியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று மறுபடியும் உத்தரவு போட்டது. இந்த எண்கள் டெல்லித் தீர்ப்பில் தூங்காமல் இருக்க, யாராவது ஒருவர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து “நம்ம ஒன்றியத்துல எத்தனை பேர் சார் இருக்காங்க?” என்று கேட்டு, பதிலை நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். சொன்னதோடு விட்டால் காற்றில் போகும், எழுதிவிட்டால் அடுத்த மாதம் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒருவர் யாராக இருக்க வேண்டும் என்பதில்தான் என் யோசனை வந்து நிற்கிறது. துணைத் தலைவரான அந்த அம்மாதான் கேட்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அவர் பிள்ளை, அவர் பாடு. அவரை நாற்காலியில் உட்காரவைத்ததோடு மற்றவர்களுக்குக் கடமை தீர்ந்த நிம்மதி. பெற்ற பிள்ளைக்காகப் பேச யாருக்கும் பதவி வேண்டாம், அதைப் பள்ளி வாசலில் நின்றே பேசலாம், பேசியும் இருக்கிறார்கள். பதவி தேவைப்படுவது அடுத்த வீட்டுப் பிள்ளைக்காகப் பேச. எழுந்து கேட்க வேண்டியவர், வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பெண்ணின் அப்பா. அவருக்குப் பயம் கிடையாது, கேட்டதால் அவர் மகளை யாரும் ஒதுக்கிவிடப் போவதில்லை. அந்த அம்மாவோ தன் மகனை விட்டுவிட்டு, படி ஏற முடியாத மூன்றாம் வகுப்புப் பெண்ணுக்குச் சாய்தளம் கேட்கட்டும். அப்போது அவரும் கெஞ்ச வந்தவராக இல்லாமல் நிர்வாகியாக ஆகிறார். ஒருவர் குறையை மற்றவர் சுமக்கும் இந்தக் கைமாற்று நடக்காத வரை அங்கே இருப்பது மனுக்கொடுக்க வந்தவர்களின் வரிசை, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய் போதும். அழத் தெரியாத பிள்ளைக்குக் கொடுக்கத்தான் ஓர் ஊர் வேண்டியிருக்கிறது.

இதிலும் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது. நாமெல்லாம் கூடி அவனுக்காகப் பேசுகிறோம், புதிர்த்துண்டு வரைந்த குழுவும் அதைத்தான் செய்தது. 2024-இல் தமிழ்நாட்டில் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்து 24 பேராக்கினார்கள். அந்த இடத்தில் ஆட்டிசம் உள்ள முன்னாள் மாணவர் ஒருவர் உட்காரத் தடை ஏதும் இல்லை. இந்தக் கரைப் பள்ளி ஒன்றில் படித்து முடித்த இருபது வயதுக்காரர், வாயால் பேசாவிட்டாலும் போனில் தட்டிச் சொல்லக் கூடியவர், வந்தால் என்ன செய்ய வேண்டியிருக்கும்? கூட்டத்தில் பேசப்போவதை இரண்டு நாள் முன்னதாகவே எளிய தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும். கடகடக்கும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். கேள்வி கேட்டபின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், நடுவில் யாரும் அவருக்குப் பதிலாகச் சொல்லிவிடக் கூடாது. தீர்மானத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்து. அவர் ஒருவருக்காக இவ்வளவும் செய்தால், மற்ற 23 பேருக்கும் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று முதல் தடவையாகப் புரியும்.